போந்தை வெறிதாயிற்று

வாளையாற்றைக் கடந்து மேற்கே செல்வோரே, சற்று நில்லுங்கள். வடக்கே நீலமலைத் தொடர் தாழ்ந்து, தெற்கே ஆனைமலைத் தொடர் எழுவதற்குள், முப்பது கிலோமீட்டர் அகலத்திற்கு மலை தன் கதவைத் திறந்து வைத்த இடம் இது. சேரநாட்டு மிளகும் யவனர் பொன்னும் கிழக்கே சென்ற வழி இது. கொங்குநாட்டு வண்டியும் மாடும் மேற்கே இறங்கிய வழி இது. ஆடி மாதத்துக் காற்று கடலின் ஈரத்தைத் தோளில் சுமந்து கோவை நோக்கி ஓடும் வழியும் இதுவே. முன்னாளில் அந்தக் காற்றுக்கு ஓர் ஓசை இருந்தது. வரப்புதோறும் நிரை நின்ற கரும்பனைகளின் உலர்ந்த மடல்கள் ஒன்றோடொன்று உரசி, கடல் இல்லாத நாட்டில் கடலின் குரலை எழுப்பின. இன்று காற்று உண்டு, ஓசை இல்லை. வரப்பு உண்டு, வரப்பைக் காத்து நின்ற நெடுமரம் இல்லை. வானம் உண்டு, அதைத் தாங்கிய மடல் இல்லை. பாலக்காட்டுப் போந்தை வெறிதாயிற்று.

சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்திற்கும் இடையே, தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடிக்கும் ஊர்கள் உள்ளன. அங்கே ஒரு வயலின் ஓரத்தில், காலையில் நின்று நண்பகலில் கிடந்த பனை ஒன்றைக் கண்டேன். அறுபட்ட முகத்தில் கரிய நார்கள் ஊசி முனைகளாய்த் தெறித்து நின்றன. நடுச்சோறு இன்னும் ஈரமாய் இருந்தது. மடலில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுகள் ஏழோ எட்டோ மண்ணோடு மண்ணாய்ச் சப்பிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று பாதியில் நின்ற கூடு. ஆண்குருவி தலைக்கவசம் போல் மேற்பாதியை முடைந்து, பெண் வந்து பார்த்து இசையட்டும் என்று காத்திருந்த கூடு. பெண் இசைந்தபின் அல்லவா அது கீழே குழல் இறக்கும்! உட்சுவரில் அப்பிய ஈரமண் கட்டைவிரல் அளவு இருந்தது. அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்று நம் பாட்டிமார் சொன்ன மண் அதுதான். முடைந்த புல்லின் ஓர் இழை இன்னும் பச்சையாய் இருந்தது. அந்தப் பச்சை வாடுமுன்பே அதன் மனை வெறிதாயிற்று.

கூடுகளெல்லாம் மரத்தின் கிழக்குப் புறத்தில் இருந்தன. தென்மேற்குக் காற்று அறையாதிருக்க மரத்தின் முதுகையே சுவராகக் கொண்டு கீழ்த்திசையில் தொங்கவிடுவது அக்குருவியின் அறிவு. கணவாயின் காற்றை அது கற்றிருந்தது. வாளின் காற்றைக் கற்கவில்லை.

போந்தை என்பது எம்மரம் என்று இளையோர் வினவக்கூடும். வேம்பு பாண்டியனுக்கு, ஆத்தி சோழனுக்கு, போந்தை சேரனுக்கு எனத் தொல்காப்பியர் காலந்தொட்டு வகுத்த அடையாளப் பூக்களுள் சேரனுடையது பனம்பூ. வஞ்சியில் முடிசூடியவன் தலையில் பொன்னுக்கு மேல் ஏறியது இந்த மரம். குறும்பொறை கடந்து படை நடத்தியவன் வாகைக்கு முன் சூடியதும் இந்த மரம். அம்மரத்தின் மடலில் அன்றில் துணையோடு அமர்ந்து நள்ளிரவில் கூவியதாகவும், அக்குரல் கேட்டுப் பிரிந்த பெண்டிர் உறங்காதிருந்ததாகவும் பழம்புலவர் பலர் பாடினர். அன்றில் எப்பறவை என்று அறிஞர் இன்றளவும் வழக்காடுகின்றனர். அரிவாள்மூக்கனே என்பார் உண்டு. வழக்கு நடக்கட்டும். பறவை எதுவாயினும் அது அமர்ந்தது ஊர்மன்றத்துப் பெண்ணை என்னும் பனையில் என்பதில் ஐயமில்லை. மன்றம் கடைத்தெருவாயிற்று, பெண்ணை செங்கல்லாயிற்று, பிரிவுக்குத் துணையிருந்த குரல் வெறிதாயிற்று.

செங்கல் என்றது அணியன்று. சூளையில் வேகும் பச்சைமண்ணுக்கு நின்று எரியும் விறகு வேண்டும்; நெடுநாள் நின்ற மரமே நெடுநேரம் எரியும். பனையேறிகள் ஓய்ந்தபின், கள்ளுக்கடைக்குத் தென்னங்கள்ளே போதும் என்றானபின், ஓலை வேய்ந்த கூரை ஒழிந்தபின், பனையால் வருவாய் இல்லை என்று கண்ட உழவன் அதைச் சூளைக்கு விற்றான். அவனைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. தென்னையை நட்டவன் உண்டு போவான், பனையை நட்டவன் பார்த்துப் போவான் என்னும் பொருள்பட ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. பார்த்துப் போவதற்கென்றே ஒரு மரத்தை நட்ட தலைமுறை இங்கே வாழ்ந்தது என்பதுதான் வியப்பு. காய்க்கப் பதினைந்து இருபது ஆண்டு, வாழ நூறாண்டு என்று நாள் எண்ணாமல் நின்ற மரத்தை, அரைநாழிகையில் சாய்த்து, ஒரு லாரியில் ஏற்றி, ஒரு சூளைக்குள் முடித்தோம். வாளையாற்றுக்குக் கிழக்கே அது தமிழ்நாட்டின் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் இசைவின்றி வெட்டக்கூடாதென 2021இல் ஆணையும் பிறந்தது. வாளையாற்றுக்கு மேற்கே, அதைச் சூடி அரசாண்டவன் நாட்டில், அது வெறும் விறகு.

பனையோடு போனவை எவை என்று கேட்பீராயின், அவற்றின் பெயரிலேயே பனை இருக்கிறது. பனங்காடை: தலையற்று நின்ற மொட்டைப்பனையின் உச்சிப் பொந்தில் குஞ்சு பொரித்து, சிறகு விரித்தால் இரண்டு நீலங்களை ஒருசேரக் காட்டும் பறவை. பனை உழவாரன்: அப்பரடிகள் கையில் ஏந்திய உழவாரப்படை போல் பிறையாய் வளைந்த சிறகுடையது, தரையை மிதித்தறியாதது, பறந்தபடியே உண்டு, பறந்தபடியே நீர் மொண்டு, பனையோலையின் மடிப்பில், தன் உமிழ்நீரைப் பசையாக்கி, காற்றில் மிதந்த இறகையும் பஞ்சையும் ஒட்டி, உள்ளங்கைக் குழியளவு கூடு வைப்பது. அதற்குக் கிளை ஆகாது, சுவர் ஆகாது, பொந்து ஆகாது. தொங்கும் ஓலை ஒன்றே வேண்டும். இரண்டு பறவைகளுக்கும் தமிழன் பெயரிட்டபோது மரத்தை முன்னே வைத்துப் பறவையைப் பின்னே வைத்தான். முன்னது வீழ்ந்தால் பின்னதற்கு இடமில்லை என்பதை அப்பெயர்களே சொல்லி நிற்கின்றன. நாம் பெயரை வைத்துக்கொண்டோம். பொருள் வெறிதாயிற்று.

இனி ஊருக்குள் வருவோம்.

பாலக்காட்டு வலியங்காடியில் ஒரு காலத்தில் அரிசி மூட்டைகள் வாய் திறந்து நின்றன. சணல் சாக்கின் இழைவழியே சிந்திய மணிகள் தெருவெங்கும் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிய குருவிக்கு மலையாளத்தார் அங்காடிக்குருவி என்றே பெயரிட்டனர். வணிகனோடு வாழ்ந்து வணிகன் சிந்தியதை உண்டு வளர்ந்த உயிருக்கு அதனினும் பொருந்திய பெயர் ஏது? கல்பாத்தி அக்கிரகாரத்து ஓட்டுக்கூரையின் இடுக்கிலும், கூடத்தில் சாய்ந்து தொங்கிய சுவாமி படத்தின் பின்னும் அது வைக்கோல் திணித்தது. வீட்டார் அதைக் கலைப்பதில்லை, கலைத்தால் ஆகாது என்பர். பின்னர் மணி நெகிழிப் பைக்குள் போயிற்று. ஓடு கான்கிரீட்டுக்குள் போயிற்று. படங்கள் ஆணியில் நேராய் அறையப்பட்டன. ஊர் தூய்மையாயிற்று. குருவிக்கு மட்டும் அங்காடி வெறிதாயிற்று. கடைவாசலில் அட்டைப்பெட்டிக் கூடு தொங்கவிட்ட வணிகர் சிலர் கேரள நகரங்களில் இன்னும் உளர். அவர்தம் குலம் தழைக்க.

மழைக்காலத்தில் கேரளத்து நகரங்களின் நடுவே வேறொரு திருவிழா நடக்கும். அதைக் கண்டோர் அதிகமில்லை, அதன் எச்சம் தோளில் விழுந்தோரே அதிகம். பேருந்து நிலையத்து வாசலில், புகைவண்டி நிலையத்து வழியில், சந்தையின் முகப்பில் நிற்கும் பழைய தூங்குமூஞ்சி மரங்களில், ஆனி ஆடியில் நீர்க்காகமும் மடையானும் வக்காவும் வந்து குச்சி சேர்க்கும். கீழே ஆட்டோ ஒலி, மேலே குஞ்சுகளின் பசியொலி. அயலிலுள்ள வயலிலும் குளத்திலும் மீன்பிடித்து, மனிதர் நெருங்கிய இடமே பாம்புக்கும் பருந்துக்கும் எட்டாத இடம் என்று தேர்ந்து, நகரத்தை நம்பி வந்த பறவைகள் அவை. நம்பி வந்ததற்கு நாம் செய்தது என்ன? கிளை கழித்தோம், வெடி வெடித்தோம், சாலை அகலப்படுத்தினோம். 2022 செப்டம்பரில், அண்டை மாவட்டமான மலப்புறத்தில் வி.கே. படி என்னும் இடத்தில், தேசிய நெடுஞ்சாலைக்காக ஒரு மரம் இயந்திரத்தால் தள்ளப்பட்டது. அதில் கூடுகள் நிறைந்திருந்தன. கூடுகளில் பறக்கக் கல்லாத குஞ்சுகள் நிறைந்திருந்தன. மரம் விழும் காட்சி கைப்பேசிகளில் ஊரெங்கும் பரவிற்று. தார்ச்சாலையில் சிதறிய குஞ்சுகளைக் கண்டு நாடு ஒருநாள் அழுதது. வனத்துறை வழக்குப் பதிந்தது. சில வாரம் பொறுத்திருந்தால் அவை சிறகு முற்றிப் பறந்திருக்கும். சாலைக்கு அந்தச் சில வாரம் கிடைக்கவில்லை.

மறைந்தோரை எண்ணி இரங்கும் கையறுநிலை பாடுவதற்கு ஓர் உரிமை வேண்டும் என்பது முன்னோர் நெறி. உடனிருந்தவன் பாடலாம், உண்டவன் பாடலாம், பாரியின் பறம்பில் வாழ்ந்த கபிலர் பாரிக்குப் பாடலாம். இப்பறவைகளுக்கு அவ்வுரிமை பெற்றவர் ஒருவர் இந்த மண்ணில் பிறந்தார். 1923இல் காவச்சேரியில் பிறந்த கே. கே. நீலகண்டன், இந்துசூடன் என்னும் புனைபெயரில் எழுதியவர். ஆங்கிலம் கற்பித்து வாழ்ந்தவர், பறவை கற்று மகிழ்ந்தவர். 1946இல் ஆந்திர நாட்டில் கூழைக்கடாக்கள் கூடி முட்டையிடும் ஊரொன்றைக் கண்டு உலகுக்குச் சொன்னார். 1958இல் 'கேரளத்திலே பக்ஷிகள்' என்னும் பெருநூலைத் தாய்மொழியில் தந்தார். காக்கையை மட்டுமே பெயர் சொல்லி அழைத்த தலைமுறைக்கு நூற்றுக்கணக்கான பெயர்களைப் பழக்கினார். அமைதிப் பள்ளத்தாக்கு அணைக்கு இரையாகவிருந்த நாளில் முன்வரிசையில் நின்றார். 1992இல் மறைந்தார். அவர் நினைவாகப் பாலக்காட்டு எல்லையில் சூலனூரில் 342 ஹெக்டேர் காட்டை மயில் காப்பகமாக அறிவித்தனர்.

இங்கே, அன்பர்களே, துயரம் ஒரு வளைவு வளைகிறது. மயில் அங்கே பெருகிற்று. காப்பகத்தின் வேலி தாண்டி வயலுக்கு வந்தது. வயல் தாண்டி வீட்டு மொட்டைமாடிக்கும் வந்தது. மழைக்குப் பெயர்பெற்ற கேரளத்தில் முன்பு அரிதாய்க் கேட்ட அகவல் இன்று ஊர்தோறும் கேட்கிறது. கண்டோர் மகிழ்ந்தனர், இயற்கை மீள்கிறது என்றனர். வறண்ட புதர்நிலத்தை விரும்பும் பறவை மயில். அது பரவும் வழியே வறட்சி பரவும் வழி என்று கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020இல் எழுதினர். முன்னொரு நாள் இதே மலைத்தொடரின் கிழக்குச் சாரலில், பொதினியை ஆண்ட பேகன், மயில் குளிரால் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். இன்று மயிலுக்குக் குளிர் இல்லை. 2016 ஏப்ரலில் பாலக்காட்டில் 41.9 பாகை வெயில் பதிவாயிற்று. போர்வை ஈய ஆள் இல்லாதது ஒருபுறம் இருக்க, போர்வை வேண்டிய காலமே வெறிதாயிற்று.

பாலக்காடு என்னும் பெயருக்குக் காரணம் பலவாறு கூறுவர். பாலை மரம் செறிந்த காடு என்பது ஒன்று. எனக்கோ வேறொன்று தோன்றுகிறது, சொற்பிறப்பியலார் பொறுக்க. மலையும் காடும் தம் தன்மை கெட்டால் அதுவே பாலை என்று சேரர் குடியில் பிறந்த இளங்கோவடிகள் கண்டு சொன்னார். பாலை என்று தனியே ஒரு நிலம் தமிழகத்தில் இல்லை, ஆக்கப்படுவதே பாலை. பாலையின் உரிப்பொருள் பிரிவு.

தெற்கே மலையேறினும் இதே பிரிவுதான். உடுமலையிலிருந்து சின்னாற்றின் முட்காட்டைக் கடந்து, மறையூரின் சந்தனத்தைக் கடந்து, மூணாறு ஏறுவோர் இடுக்கி எல்லைக்குள் நுழைகின்றனர். 1933இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி இவ்வழியே மறையூரிலும் மூணாற்றிலும் தங்கிப் பார்த்தார். அம்மலைகளின் மடிப்பில் புல்வெளிக்கு நடுவே ஒடுங்கிய குறுங்காடுகள் உண்டு. நம் முன்னோர் அவற்றைச் சோலை என்றனர். அங்கே வெண்வயிறும் நீலமேனியும் கொண்ட சிறுபறவை ஒன்று, வெளிச்சத்துக்கு வராமல், விடியலில் பாடும். கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் அதன் உடன்பிறப்பும் இதுவும் வேறு வேறு இனங்களாகப் பிரிந்து பன்னெடுங்காலம் ஆயிற்று. காற்றுக்குக் கதவான கணவாய் அக்குருவிகளுக்கு மதில். சோலை இல்லாத முப்பது கிலோமீட்டரை அவை கடந்ததில்லை. 2017இல் அறிவியலார் அவ்விரண்டுக்கும் புதியதொரு பேரினப் பெயர் வைத்தனர்: சோலிகோலா. சோலைவாசி என்பது பொருள். தமிழ்ச்சொல் ஒன்று உலகின் உயிர்ப்பட்டியலில் ஏறிற்று. அதே காலத்தில் தேயிலைக்குப் பின்னும், சவுக்கைப் போல் படர்ந்த சீகை மரத்துக்குப் பின்னும், யூகலிப்டசுக்குப் பின்னும், சரிவு சரிவாய் எழுந்த விடுதிகளுக்குப் பின்னும், சோலை ஒதுங்கி ஒதுங்கி ஓர் ஓடைக்கரை அளவாயிற்று. முப்பது கிலோமீட்டர் வெளியைக் கடக்காத பறவைக்கு இப்போது ஒரு விடுதியின் அகலமும் ஒரு கணவாயே.

இவற்றையெல்லாம் எண்ணி எழுதுவோர் இல்லாமல் இல்லை. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர், ஊதியமின்றி, கேரளத்தைக் கட்டம் கட்டமாய் வகுத்து, மழையிலும் வெயிலிலும் நடந்து, 361 இனப் பறவைகளை மூன்று லட்சம் பதிவுகளாய்த் தொகுத்தனர். பள்ளி ஆசிரியர், மருத்துவர், வங்கி ஊழியர், மாணவர். புலவர் மன்னனின் கொடைகளை அடுக்கி அடுக்கிப் பாடிய முறைமை இன்று இந்தக் கணக்கேடுகளில் வாழ்கிறது என்பேன். புலவர் பாடியது மன்னன் மாய்ந்தபின். இவர்கள் மாயும் முன்பே தொடங்கிவிட்டனர்.

2024 ஆகஸ்டு 28 அன்று, பாலக்காட்டுப் புதுச்சேரியில் 1,710 ஏக்கரில் தொழில் நகரம் ஒன்று அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கொச்சியையும் பெங்களூரையும் இணைக்கும் தொழிற்பாதையின் ஒரு கண்ணி அது. ஆலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. விடியுமுன் எழுந்து வாளையாறு கடந்து கோவைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் தாய்மார் இவ்வூர்களில் உளர். அவர்கள் முகம் பார்த்துப் பனையின் பெருமை பேசுதல் தகாது. ஆயினும் ஒரு நகரத்தைத் தாளில் வரைவோருக்கு, சாலைக்கு அகலம் குறிக்கத் தெரிந்த கைக்கு, கழிவுநீருக்கு வழி குறிக்கத் தெரிந்த கைக்கு, நிற்கும் மரங்களைச் சுற்றி ஒரு கோடு வளைக்க எவ்வளவு மை செலவாகும்? சேரன் கோட்டை கட்டினான். ஐதர் அலி கோட்டை கட்டினான். ஆங்கிலேயன் தண்டவாளம் இட்டான். அவர்கள் காலத்திலும் மரம் வீழ்ந்தது. ஆனால் அவர்கள் கட்டியவற்றைச் சுற்றி மீண்டும் பனை முளைக்க மண் மிஞ்சியிருந்தது. பாலக்காட்டுக் கோட்டையின் அகழியில் இன்றும் நீர் நிற்கிறது, நீரில் மீன்கொத்தி விழுந்து எழுகிறது. போருக்கு வெட்டிய அகழி அமைதிக்கு உதவிற்று. இக்காலத்தார் அமைதிக்குக் கட்டுவதைச் சுற்றி ஒரு விதை விழவும் வெறுமண் இல்லை.

ஓ. வி. விஜயன் 1969இல் நூலாக வெளியிட்ட 'கசாக்கின் இதிகாசம்' தஸ்ராக் என்னும் சிற்றூரின் பனங்காற்றில் எழுந்தது. யூமா வாசுகியின் தமிழில் அது நம் கைக்கும் வந்தது. அந்நூலைப் படித்து அக்காற்றைத் தேடித் தஸ்ராக்கிற்கு வருவோர் ஆண்டுதோறும் உளர். அவர்களுக்கு நினைவகம் உண்டு, சிற்பம் உண்டு, வழிகாட்டும் பலகை உண்டு. எஞ்சிய சில பனைகளும் உண்டு. ஒரு நாட்டின் காற்றை நூலில் போய்க் கேட்கும் காலம் வந்துவிட்டதெனில், அந்நாட்டு வானம் எவ்வளவு வெறிதாயிற்று என்று அளந்துகொள்ளலாம்.

வீழ்ந்த பனையை விட்டு அன்று மாலை திரும்பினேன். அதன் உச்சி இருந்த உயரத்தில், இப்போது எதுவும் இல்லாத அந்த உயரத்தில், இரண்டு உழவாரன்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. இருட்டும் வரை வட்டம் சுருங்கவும் இல்லை, நகரவும் இல்லை. நாற்பது அடி தள்ளி, சாலையோரத்தில் இன்னொரு பனை நிற்கிறது. அதன் அடியில் வெள்ளைச் சாயத்தால் ஓர் எண் எழுதியிருக்கிறார்கள். எண் 38.